சொத்துப் பதிவேட்டில் இல்லாத கிணறுகள்

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் திருகோணமலையில் அரசசார்பற்ற நிறுவனம் என்றால் காசு, பிரதேச சபை என்றால் குப்பை ட்ரக்டர். நான் உள்ளூர் நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது நிலைமை அதுதான். அனுமதிக்குக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் ஓடுவோம். சபைப் பக்கம் போவது தண்ணீர் பவுசர் இரவல் கேட்க மட்டுமே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் வீதிகளையும் சபையிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. கிணறும் மலசலகூடமும் கட்டிக்கொண்டிருந்த எங்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்போம்?

அப்போது கிண்ணியாப் பாலம் கிடையாது, 2009இல்தான் திறந்தார்கள். 'பாதை' என்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றி அக்கரை போய், பின்னேரத்துக்குள் கூட்டத்தை முடித்துத் திரும்ப வேண்டும். அந்த அவசரத்தில் மாதர் சங்கத் தலைவியிடம் திறப்பை (சாவியை) கொடுத்து, படம் எடுத்து, பெயர்ப்பலகை நட்டால் 'கையளிப்பு' முடிந்தது.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சபையில், பொதுக்கிணற்று மோட்டர் பழுதென்று சங்கத்து அக்காமார் கடிதம் கொண்டுவந்தார்கள். நானும் கூடப் போனேன். வயதான எழுதுவினைஞர் ஒருவர் நீளமான சொத்துப் பதிவேட்டை விரித்து, விரலால் வரிவரியாகத் தேடிவிட்டுச் சொன்னார்: “தம்பி, உங்கட கிணறு எங்கட புத்தகத்தில இல்லையே. இல்லாத கிணத்துக்கு நான் எப்படி வவுச்சர் எழுதுறது? நாளைக்கு ஓடிட் வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?” அவர் சொன்னது முழுக்கச் சரி. காணி யாருடையது என்பதற்குக் கடிதம் இல்லை, கட்டிய செலவுக்குக் கணக்கு இல்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்த தாளும் இல்லை. சபையைக் குறை சொல்லிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

2010இல் உள்ளூராட்சிச் சேவைகளை மேம்படுத்தும் உலக வங்கியின் நெல்சிப் திட்டம் வந்த பிறகு நாற்காலி மாறியது. வடக்கு, கிழக்குச் சபைகளின் கைக்கே காசு போனது. மக்களைக் கூட்டித்தான் திட்டம் போட வேண்டும் என்பது நிபந்தனை. சபைக்குக் காசு வந்தது, கூட்டம் நடத்திப் பழகியவர்கள் நாங்கள். அதே வருடம்தான் அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதனால் சில சபைச் செயலாளர்மார் எங்களைப் பக்கத்தில் இருத்தவே தயங்கினார்கள். “எல்லாத்தையும் கடிதத்தில தாங்கோ” என்பார்கள். தந்தோம். அந்தக் கடிதப் பழக்கம் நல்லதாகவே போய்விட்டது என்பேன்; முதன்முறையாக ஒவ்வொரு வேலைக்கும் கோப்பு ஒன்று பிறந்தது.

2018 தேர்தலில் 25 வீத ஒதுக்கீட்டால் பெண்கள் சபைக்குள் வந்தார்கள். மாதர் சங்கத்தில் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு வரவு செலவுத் திட்டம் புதினமில்லை. வடிகானுக்கு ஒதுக்கிய காசு எங்கே போனது என்று கேட்கவும் அவர்கள் கூச்சப்படவில்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, தேர்தலும் தள்ளிப்போனது. செயலாளர் தனியே கையெழுத்திட்ட அந்த இரண்டு வருடத்தில் எங்கள் வேலை மறுபடி கச்சேரிப் பக்கம் சாய்ந்தது. 2025 மே 6இல் வாக்களிப்பு நடந்து புது உறுப்பினர்கள் வந்தபோது, அமெரிக்க உதவி நின்றுபோய்ப் பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்திருந்தன. இப்போது சபைக்குப் போனால் “என்ன கொண்டுவந்தீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. “அந்தப் பழைய கிணறு, முன்பள்ளிப் பட்டியல் உங்களிட்ட இருக்கா?” என்கிறார்கள்.

பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். சிக்கல் சங்கங்களின் வங்கிப் புத்தகத்தில்தான். வீட்டுக்கு வீடு சேர்த்த பராமரிப்புக் காசைச் சபையின் கணக்குக்கு மாற்றச் சொல்கிறது சபை. அக்காமார் மாட்டோம் என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். மோட்டரைச் சபை பார்க்கட்டும். கயிறும் வாளியும் வாங்கத் சபைத் தலைவரான தவிசாளரின் கையெழுத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கதைக்கப் போகிறோம்.