டீசல் புல்லட்டுக்குக் கிளட்ச் மாற்றிய அனுபவம்

டீசல் புல்லட்டில் கிளட்ச் தேய்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது கிக்கர்தான். புல்லட்டில் நாம் உதைக்கிற உதை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சுக்குப் போய், அங்கிருந்து பிரைமரி செயின் (கிளட்சையும் இன்ஜினையும் இணைக்கும் செயின்) வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் வண்டியில் அரைகுறை கிளட்ச்கூட எப்படியோ சமாளித்துவிடும். டீசலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கிளட்ச் பிளேட் வழுக்கினால் கிக்கர் மட்டும் சர்ரென்று கீழே இறங்கும், பிஸ்டன் அசையாது. என் வண்டியில் தொல்லை இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.

என்னுடையது 350 பெட்ரோல் புல்லட்டாகப் பிறந்த வண்டி. சேஸும் நாலு கியர் பாக்ஸும் பழையதே. இன்ஜின் மட்டும் 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி. என்ஃபீல்டு கம்பெனியே சென்னையில் தயாரித்து விற்ற டாரஸ் டீசலில் இருந்ததும் இந்த வகை இன்ஜின்தான். 3600 ஆர்பிஎம்மில் 6.5 குதிரைத்திறன். பெட்ரோல் 350-க்கு 18. "18 குதிரையைத் தாங்கின கிளட்ச் ஆறரையைத் தாங்காதா?" என்று நிறைய பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிளட்சைத் தேய்ப்பது சராசரி சக்தி இல்லை, ஒவ்வொரு வெடிப்பிலும் வருகிற உதை. ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 1200 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு பத்து வெடிப்பு. டீசலில் அந்தப் பத்தும் சம்மட்டி அடி மாதிரி விழும். நாமும் டீசல் வண்டியை ஆர்பிஎம் ஏற்றாமல், மேல் கியரிலேயே இழுத்து ஓட்டுகிறோம். உதை அதிகமாகத் தெரிவதும் அங்கேதான்.

கடினமான ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்பதுதான் என் முதல் யோசனை. பொள்ளாச்சியில் பழைய புல்லட்டுகளே கதியென்று இருக்கிற மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்பிரிங்கை ஏத்துனா கை வலிதான் மிஞ்சும் தம்பி. கேபிள் அறுந்துக்கிட்டே இருக்கும். பிளேட்டைக் கூட்டுங்க" என்றார். கணக்கும் அவர் பக்கம்தான். ஸ்பிரிங் அழுத்தத்தை மாற்றாமல், நாலு உராய்வு பிளேட் இருந்த இடத்தில் அஞ்சு போட்டாலே பிடிமானம் கால் பங்கு கூடிவிடும். லீவர் கனம் அப்படியேதான் இருக்கும். அதனால் ஒரு பிளேட் கூடுதலாகக் கொள்ளும் ஆழமான கிளட்ச் டிரம்மாக, அதாவது பிளேட்டுகளை அடுக்கிவைக்கும் கிண்ணமாக, தேடி எடுத்தேன்.

இடப்பக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, செயின் கேஸ் மூடியைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றைப் பெரிய நட்டைத் திருப்பினால் உள்ளே பார்த்துவிடலாம். வடிந்த ஆயில் மை போலக் கறுப்பு. டீசல் இன்ஜின் கரி கலந்த ஆயில் கிராங்க் சீல் வழியாகக் கசிந்து கிளட்சுக்கு வந்திருக்கிறது. அந்த சீலை மாற்றாமல் எத்தனை பிளேட் போட்டாலும் வீண். ஸ்டீல் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் தடித்த கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தோம், இரண்டு வளைந்திருந்தன. பழைய டிரம்மின் காடிகளில் விரலை ஓட்டினால் படிப்படியாகப் பள்ளம். நகம் மாட்டி நின்றது. பிளேட்டின் காதுகள் உதை உதையாக இடித்தே அந்தப் பள்ளத்தை உண்டாக்கியிருக்கின்றன. கிளட்சைப் பிடித்தாலும் பிளேட்டுகள் அதில் சிக்கிக்கொண்டு பிரியாது. சிக்னலில் நியூட்ரல் விழாமல் நான் தவித்ததற்குக் காரணம் அதுதான். லேசான பள்ளமென்றால் அரம் போட்டுச் சமன் செய்யலாம், இதை ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அடுத்தது. பிரைமரியில் இன்ஜின் பக்கம் 25 பல், கிளட்சில் 56. அதாவது இன்ஜின் முறுக்கு 2.24 மடங்காகித்தான் கிளட்சுக்கு வருகிறது. லேத்தில் 28 பல் ஸ்பிராக்கெட் செய்து போட்டதும் அது சரியாக இரண்டு மடங்காகக் குறைந்தது. கிளட்ச் மேல் விழும் சுமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, கியர்பாக்ஸுக்கும் அதே லாபம். வேக விகிதம் மாறாமலிருக்க கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டை 17-லிருந்து 15 ஆக்கினேன். பிரைமரி செயினில் இரண்டு கண்ணி கூடியது. இன்ஜின் பிளேட்டின் ஓட்டைகளை நீளவாக்கில் அரைத்து, இன்ஜினை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே நகர்த்தினோம். இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் எதையும் இறுக்கக் கூடாது. கோணினால் செயின் பக்கவாட்டில் இழுத்துப் பல்லைத் தின்றுவிடும்.

பிளேட் கூடினால் ஒரு விலை உண்டு. லீவர் இழுக்கும் அதே தூரத்தை இப்போது அதிக இடைவெளிகள் பங்குபோட வேண்டும். மூடியைப் போடுவதற்கு முன் ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் பிரஷர் பிளேட்டை (பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் மேல் தட்டை) பார்த்தோம். ஒரு பக்கம் முந்தி எழும்பியது. அந்தப் பக்க ஸ்பிரிங் சற்றுக் குள்ளம், அதன் கீழே மெல்லிய வாஷர் ஒன்று வைத்ததும் சமமாக எழும்பியது. லீவர் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம். ஆயில், கிளட்ச் ஆயிலில் ஊறியிருக்கும் பைக்குகளுக்கான ஜாஸோ எம்ஏ தரத்து பைக் ஆயில். உராய்வைக் குறைக்கும் கார் ஆயில்களை இதில் ஊற்றவே வேண்டாம்.

இப்போது வால்பாறைக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போகிறேன், ஸ்லிப் இல்லை. காலையில் மட்டும் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும். கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை ஒருமுறை முழுதாக மிதித்து அவற்றைப் பிரித்துவிட்டு, பிறகு சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி ஸ்டார்ட் செய்கிறேன். சின்னதான 15 பல் ஸ்பிராக்கெட்டில் பின் செயினின் கண்ணிகள் அதிகக் கோணத்தில் மடங்குகின்றன, அதனால் அது சீக்கிரம் நீளுகிறது. கிளட்சைக் கழற்றுவதைவிட பின் செயின் மாற்றுவது எவ்வளவோ சுலபம், செலவும் குறைவு. அதனால் 15-ஐயே வைத்திருக்கிறேன்.