ஒழுகியது வெல்டில் இல்லை

கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம் என் பட்டறை. மீனுக்கு உப்புத்தண்ணீர் பிடித்துவைக்க 6 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் நான் செய்து கொடுத்த தொட்டி, இரண்டே வருஷத்தில் ஒழுகித் திரும்பி வந்தது. வெல்டு அப்படியே பளபளவென்று இருந்தது. அதிலிருந்து நாலைந்து மி.மீ. தள்ளி, வெல்டு கூடவே ஓடுகிற மாதிரி ஒரு துருக்கோடு.

தகடு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினேன், மனசுக்குள்தான். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோய் ஹார்ட்னெஸ், அதாவது எவ்வளவு கெட்டி என்று பார்த்தாள். விக்கர்ஸ் அளவில் தகட்டில் 176, வெல்டில் 184, துருக்கோட்டில் 170. "பெரிசா வித்தியாசமே இல்லப்பா" என்றாள். பிறகு துண்டைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, ஆக்ஸாலிக் அமிலத்தில் ஒன்றரை நிமிஷம் கரண்ட் கொடுத்து, மைக்ராஸ்கோப் படத்தைப் போனில் காட்டினாள். கோடையில் வறண்ட வீராணம் ஏரித் தரைதான். உலோகத்துக்குள் இருக்கும் பொடிமணி, கிரெய்ன் என்பார்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பள்ளம்.

அந்தத் தொட்டி 304 ரக எஸ்.எஸ்.; அதில் குரோமியம் 18 சதவீதம். 450-லிருந்து 850 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்தால், கார்பன் கிரெய்ன் ஓரத்தில் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக ஒதுங்கிவிடும். அங்கே குரோமியம் 12-க்குக் கீழே போனால் துருவைத் தடுக்க ஆளில்லை. வெல்டை ஒட்டிய இடம் அதைவிட அதிகச் சூட்டுக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கிவிடும். கொஞ்சம் தள்ளி இருப்பதுதான் நடுச்சூட்டில் மாட்டி வேகும்.

வேகவைத்தது நான்தான். ஆறவிடாமல் பாஸ் மேல் பாஸ், ஒரு வரிசை வெல்டு மேல் அடுத்த வரிசை. ஈரத்துணி வைத்தாவது ஆற்றியிருக்கலாம். ஆனால் தொழில் கற்றுத்தந்த மாமா, "சூட்டுல தண்ணி பட்டா கெட்டியாகி விரிசல் விடும்டா" என்பார். கார்பன் கூடின இரும்புக்கு அது சத்தியம், 410 எஸ்.எஸ்.ஸுக்கும்தான், அதெல்லாம் சட்டென்று ஆறினால் மார்ட்டென்சைட் என்ற கெட்டியான அமைப்பாக மாறிவிடும். 304 அப்படி மாறாத ஆஸ்டினைட் வகை. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது; வளைத்தால், தட்டினால்தான் கெட்டிப்படும். இரும்புக்கான பயத்தை முப்பது வருஷம் எஸ்.எஸ்.ஸுக்கும் சேர்த்துச் சுமந்திருக்கிறேன்.

புதுத் தொட்டி என் செலவு. உப்புக்கு 316 ரகம் இன்னும் நல்லது, என் கைக்கு எட்டவில்லை. 304எல் தகடு வாங்கினேன், அதில் கார்பன் 0.03 சதவீதத்துக்குள், வெல்டிங் ராடு 308எல். ஒரு பாஸ் போட்டு, கை வைத்தால் தாங்குகிற அளவு ஆறியபின் அடுத்தது.

எடுத்துப்போக வந்த தொட்டிக்காரர் ஸ்பானரால் வெல்டைத் தட்டிப் பார்த்தார். "இந்த வாட்டி கெட்டியா போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேண்ணே" என்றேன்.