சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் கடையில்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்னப் பட்டணம் எங்களுடையது. அப்பா நடத்திய மளிகைக்கடையைப் பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டுவிடுவார்கள். அன்றும் மறுநாளும்தான் பற்றுக் கணக்குகள் தீரும், காசு போடும் லாச்சி நிறையும். இது ஊருக்கே தெரியும். கொள்ளையடிக்க வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இரவு எட்டே முக்கால் இருக்கும். கடையில் நானும், என்னிடம் நாலு வருடமாக வேலை செய்யும் தங்கச்சியும்தான். இரண்டு பேர் மோட்டாரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி. பிடியில் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றியிருந்தான். அதன் நுனி பிரிந்து தொங்கியது. நான் அந்த நுனியையே பார்த்தபடி நின்றுவிட்டேன்.

தங்கச்சிதான் செய்ய வேண்டியதைச் செய்தாள். இரண்டு கையையும் கவுண்டர் மேல் தெரியும்படி வைத்தாள். "லாச்சி பூட்டல, எடுத்துக்குங்க" என்று மலாயில் நிதானமாகச் சொன்னாள். என் கைப்பையைக் கேட்டபோது, "கீழ இருக்கு, குனிஞ்சு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிந்தாள். 4,200 ரிங்கிட்டும் பையும் போயின. வெளியேறும்போது ஒருவன் தள்ளிவிட்டதில் ஐஸ் பெட்டி முனையில் விழுந்து, அவளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் இருந்த பையன்கள் துரத்தக் கிளம்பினார்கள். சத்தம் போட்டுத் தடுத்தேன். இருட்டில், செம்பனைக்குள் போகும் மண் பாதையில், கத்தி வைத்திருப்பவனை மறித்து என்ன ஆகப்போகிறது? போனது என் பணம். அந்தப் பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு 999 அடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அங்கே கேட்டது நாலே விஷயம்: எந்த இடம், என்ன ஆயுதம், யாருக்காவது அடியா, எந்தப் பக்கம் போனார்கள். இப்போது கடையின் முழு முகவரியைக் கவுண்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் சொந்தக் கடையின் லாட் எண்ணே எனக்கு வாயில் வரவில்லை.

போலீஸ் வரும்வரை எதையும் தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவன் கடலை மிட்டாய் ஜாடியை உள்ளங்கையால் ஒதுக்கித் தள்ளியிருந்தான், கையுறை இல்லாமல். அதை நேராக எடுத்து வைக்க என் கை தானாகப் போனது. தங்கச்சிதான், "அக்கா, தொடாதீங்க" என்றாள். பிறகு அந்த ஜாடியில்தான் கறுப்புப் பொடி தடவி ரேகை எடுத்தார்கள்.

வந்த அதிகாரி எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்தார். நாங்கள் பேசிக்கொண்டால் ஒருத்தி பார்த்தது இன்னொருத்தி ஞாபகத்தில் கலந்துவிடும் என்றார். அது எவ்வளவு உண்மை! நான் சட்டை நீலம் என்றேன், அவள் கறுப்பு என்றிருக்கிறாள், கேமராவில் கறுப்பு. கேமராக் கடிகாரம் பதினேழு நிமிடம் பின்னால் ஓடியதையும் அப்போதுதான் கவனித்தோம். அதையும் எழுதிக்கொண்டார்கள். பதிவை அன்றைக்கே பென்டிரைவில் எடுத்துக்கொடுங்கள். எங்கள் கேமராவின் பதிவுப் பெட்டியில் பத்து நாளில் பழையது அழிந்துவிடும்.

தங்கச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் கொடுத்தேன். என் அடையாள அட்டையான ஐசியும் பையோடு போயிருந்தது. நான் மலாயில் "ஹிலாங்" (தொலைந்தது) என்று சொல்ல, பதிந்தவர் நிறுத்தி, "தொலைத்தீர்களா, பறித்தார்களா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் காசு இருக்கிறது. ஐசி தொலைந்தால் முதல் முறையே 100 ரிங்கிட் அபராதம். கொள்ளை போனது என்று ரிப்போர்ட் இருந்தால் அபராதம் இல்லை. ஆயுதத்தையும் விடாமல் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்தாலே தண்டனைச் சட்டத்தின் 395-ஆம் பிரிவு, கையில் ஆயுதம் இருந்தால் 397-உம் சேரும் என்று ஐஓ, அதாவது விசாரணை அதிகாரி, பின்னர் விளக்கினார். டியூப் ரப்பர் சுற்றிய பிடியை அவர் இரண்டு முறை கேட்டு எழுதினார். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலை, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. வேலையிடத்தில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் பதிந்தாக வேண்டும். பதியாமல் இருக்கிற கடைக்காரர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்த வாரமே பதியுங்கள். தங்கச்சிக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. மீதியை நான் கொடுத்தேன். என் கடையைக் காத்தவள் அவள்.

இன்சூரன்ஸில் ஒன்றும் வரவில்லை. வருடா வருடம் கட்டிய பாலிசி, பூட்டை உடைத்துத் திருடினால் மட்டும்தான் செல்லும். திறந்திருக்கும் கடையில் கத்தி காட்டிப் பறித்ததற்குச் செல்லாது. ரொக்கத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டுமாம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இப்போது லாச்சியில் 300 ரிங்கிட்டுக்கு மேல் வைப்பதில்லை. மீதி, சாவி கடையில் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். பாதிப் பேர் கியூஆரில் கட்டுகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறேன்.

கை ஆறி வந்த பிறகும், வாசலில் மோட்டார் நின்றால் தங்கச்சிக்கு முகம் வெளுத்துவிடும். இரவில் தூக்கமில்லை என்றாள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு முதலில் நான் பேசினேன், அப்புறம் அவளிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அரை மணி நேரம் பேசினாள். இரண்டு மாதம் அவளைச் சாயங்காலத்தில் நிற்கவைக்கவில்லை.

போன வாரம் ஐஓ கூப்பிட்டார். ஆட்கள் சிலரைப் பிடித்திருக்கிறார்கள், அடையாளம் காட்ட வர வேண்டும். கத்தி இல்லாதவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியபோது முகத்தைப் பார்த்தது அவள் மட்டும்தான். முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை. போக இஷ்டமா என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க கூட வந்தா வரேன்கா."

வியாழக்கிழமை கடை அடைப்பு.