அம்மா சொன்ன ஆன்சைட்

ராஜினாமா பட்டனை அழுத்தியதும் கம்பெனி போர்ட்டலில் காரணங்களின் பட்டியல் ஒன்று விரிந்தது. நல்ல வாய்ப்பு, மேற்படிப்பு, திருமணம், உடல்நலம், சொந்தக் காரணம். ‘ஊர் சுற்றப் போகிறேன்’ அதில் இல்லை. சொந்தக் காரணம் என்று போட்டேன். சாயங்காலத்துக்குள் பக்கத்து டீமில் இரண்டு பேர், “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டுவிட்டார்கள்.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு, “எந்தக் கம்பெனி? எவ்ளோ தர்றான்? மேட்ச் பண்ண முடியுதான்னு பார்க்கறேன்” என்றார். எந்தக் கம்பெனியும் இல்லை, ஒன்றரை வருடம் பயணம் என்றேன். 90 நாள் நோட்டீஸ் முடியும்வரை அவர் அதை நம்பவில்லை.

சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். 34 வயது, சொந்த ஊர் கோவில்பட்டி. ஏன் விட்டேன் என்பதில் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. அட்லஸ் பார்த்து வளர்ந்தவள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. எப்படி விட்டேன் என்பதில்தான் சொல்ல விஷயம் இருக்கிறது.

நான்கு வருடத்தில் 17 லட்சம் சேர்த்திருந்தேன். மாதம் 75,000 என்று 18 மாதத்துக்கு பதிமூன்றரை லட்சம். மிச்சம் மூன்றரை லட்சத்தைத் திரும்பி வந்து வேலை தேடும் காலத்துக்கென்று அம்மா பெயரில் டெபாசிட் போட்டேன். என் பெயரில் இருந்தால் எங்காவது ஒரு மலையடிவாரத்தில் அதை உடைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

தேதியைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் கெட்டிக்காரத்தனமாக இருந்துவிட்டேன். வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிக்கு அப்போதிருந்த கணக்கு இப்படி: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதுவும் முழு வருடம். நான் முதலில் நினைத்த தேதியில் கிளம்பியிருந்தால் 11 வருடம்தான் கணக்கில் வந்திருக்கும். ஒரு மாதம் பொறுத்தேன், 12 ஆனது. என் அடிப்படைச் சம்பளம் 48,000. வித்தியாசம் 27,000 சொச்சம். வியட்நாமில் பதினைந்து நாள் அந்தக் காசில்தான் ஓடியது. பிஎஃப் பணத்தைத் தொடவில்லை. 10 வருடச் சேவை தாண்டிவிட்டதால் அதிலுள்ள பென்ஷன் பங்கை மொத்தமாக எடுக்கவும் முடியாது. 58 வயதில் பென்ஷனாக வரட்டும்.

கோட்டைவிடப் பார்த்தது மருத்துவக் காப்பீட்டில். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இத்தனை வருடம் என் ஆபீஸ் குழுக் காப்பீட்டில்தான் இருந்தார். என் கடைசி நாளோடு அதுவும் முடிந்துவிடும் என்பது நோட்டீஸில் இரண்டு மாதம் போனபிறகுதான் உறைத்தது. புதிதாகப் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு முதலிலிருந்து காத்திருப்புக் காலம். ஆனால் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஏற்கெனவே கழிந்த காலமும் கணக்கில் வரும். இதை எச்.ஆர். யாரும் சொல்லவில்லை, முன்பே வேலையை விட்ட ஒரு தோழி சொன்னாள். படிவம், பரிசோதனை, மறுபடி படிவம் என்று அலைந்து, கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால் பாலிசி கைக்கு வந்தது. ராஜினாமா மெயில் அனுப்பும் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டிய வேலை.

சம்பளச் சீட்டு இருக்கும்போதே கிரெடிட் கார்டும் வாங்கிவிடுங்கள். வேலையில்லாதவருக்கு வங்கியில் நாற்காலி காட்டுவார்கள், சுலபத்தில் கார்டு கொடுக்க மாட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் 2019-இல் இரண்டு வார ஆபீஸ் வேலைக்காக எடுத்த அமெரிக்க விசா ஒன்று இருந்தது, 10 வருடம் செல்லும். பிறகு ஜார்ஜியா நாட்டுக்குள் தனி விசா இல்லாமல் விட்டது அதை வைத்துத்தான். கம்பெனி கொடுத்த லேப்டாப், ஐடி கார்டு எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அம்மா அழவில்லை. “ஏட்டி, ஊர்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? வேலைய விட்டுட்டான்னா, என்னமோ தப்புப் பண்ணிட்டா, தூக்கிட்டாங்கன்னுல்லா பேசுவாக” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதே கேள்வி 2025 ஜூன் கடைசியில் வேறு உருவத்தில் வந்தது. தாய்லாந்து போக, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் தொழில் என்று ஒரு கட்டம். கை தானாக டெஸ்ட் என்ஜினியர் என்று அடித்தது. அழித்தேன். வேலையில்லை என்று போட்டால் பாங்காக்கில் உட்காரவைத்து விசாரிப்பார்களோ என்று பயம். அரை மணி நேரம் கழித்து டெஸ்ட் என்ஜினியர் என்றே போட்டேன். படித்த படிப்பு அதுதானே, பொய்யில்லை என்று சமாதானம் வேறு. பாங்காக் அதிகாரி என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

லாவோஸுக்குத் தரைவழியாக, சியாங் கோங் பக்கம் பாலத்தைத் தாண்டிப் போனேன். ஹுவாய் சாயிலிருந்து மீகாங் ஆற்றில் லுவாங் பிரபாங்குக்கு மெதுவான படகில் இரண்டு நாள். இரவு பாக் பெங் என்ற சின்ன ஊரில். மழைக்காலம், ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் படகு முழுக்கக் கொடுத்தேன். இரண்டு நாளும் யாரும் என்னிடம் என்ன வேலை என்று கேட்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொருவரிடமும் கேட்க வாய் ஊறியது.

லுவாங் பிரபாங்கில் ஏடிஎம் கார்டு முடங்கியது. எனக்கு ஓடிபி வரும் சென்னை சிம்முக்கு ரோமிங் போட மறந்திருந்தேன். இரண்டு நாள் கையிலிருந்த டாலரில் ஓட்டி, தம்பி சென்னையிலிருந்து சரிசெய்தான். கிளம்பும் முன் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான்காம் மாதம், ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி. அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம். என்னவென்று கேட்டால், எதிர்வீட்டு அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சும்மா இருக்கிறானாம், அவனுக்கு என் கம்பெனியில் ஏதாவது பார்க்க முடியுமா?

“எந்தக் கம்பெனிம்மா?”

“ஒன்ன ஆன்சைட்டுக்கு அனுப்பியிருக்காகன்னுல்லா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நாடு நாடா அனுப்புதாகன்னு. அந்தக்கா அதைக் கேட்டுட்டுத்தான் வந்து நிக்கா.”

பையனின் ரெஸ்யூமே அன்றைக்கே என் போனுக்கு வந்தது. எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தி, பழைய மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் பதிலில் முதல் வரி, “இப்பவாவது சொல்லு, எந்தக் கம்பெனி?” இரண்டாவது வரியில் பையனுக்கு இன்டர்வியூ தேதி.