ஒரு பக்கம் மட்டும் அடைத்த மூக்கு

மார்ச் 4
இன்று வந்தவருக்கு வலது மூக்கில் மட்டும் சீழ், தாங்க முடியாத நாற்றம். ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. ஒரு பக்கமாகவே நீடிக்கும் சைனஸ் என்றால் பல், பூஞ்சை, கட்டி மூன்றையும் சந்தேகித்தே ஆக வேண்டும். விசாரித்தால், அதே பக்கத்து மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகுதான் தொடங்கியதாம். அந்தப் பல்லின் வேருக்கும் சைனஸின் தரைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்பு. சிலருக்கு அதுவும் இருப்பதில்லை.

மார்ச் 6
சி.டி. ஸ்கேனில் சைனஸ் நிரம்பி, நடுவே சுண்ணாம்புப் படிவு. பூஞ்சை உருண்டை என்று எழுதத்தான் கை போகும். வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஆக்டினோமைசிஸ் பாக்டீரியாவும் இப்படியே தெரியும்.

மார்ச் 11
எண்டோஸ்கோப் மூலம் சைனஸைத் திறந்து சுத்தம் செய்தோம். எடுத்த திசுவில் ஒரு பகுதி, திசுவைப் பதப்படுத்தும் ஆனால் கிருமியைக் கொன்றுவிடும் பார்மலினில்; மறுபகுதி, கிருமியை வளர்த்துப் பார்க்க, பார்மலின் படாமல், காற்றுப் புகாத குப்பியில். இந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. மெதுவாக வளர்வதால், வழக்கம்போல இரண்டு நாளில் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ‘ஆக்டினோமைசிஸ் சந்தேகம், 14 நாட்களாவது வைத்திருக்கவும்’ என்று படிவத்தில் எழுதியதோடு ஆய்வகத்துக்கும் போன் செய்தேன். எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமல் மாதிரி அனுப்புவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

மார்ச் 16
திசு அறிக்கை: கந்தகத் துகள்கள் (பெயர்தான் அப்படி, உண்மையில் கிருமிகள் திரண்ட மஞ்சள் நிறத் துணுக்குகள்), கிராம் சாயத்தை ஏற்ற, கிளைவிட்ட பாக்டீரியா இழைகள், சளிச்சவ்வுக்குள்ளும் ஊடுருவல். பூஞ்சை இல்லை. திருத்திய அமில உறுதி நிறமேற்றம் (modified acid-fast) என்ற சாயச் சோதனையில் நெகட்டிவ். இதே போல இழையாகத் தெரியும் இன்னொரு பாக்டீரியாவான நோகார்டியாவாக இருந்தால் அது பெரும்பாலும் பாசிட்டிவாக வரும். மருந்தும் வேறு, கோட்ரைமாக்சசோல். இவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை இல்லை. ரத்தக்குழாய் வழியாக நாளொன்றுக்கு 1.8 கோடி யூனிட் பென்சிலின் தொடங்கினோம்.

மார்ச் 27
ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி வளர்ந்துவிட்டது! ஆய்வகத்தார் பொறுமையாகக் காத்திருந்ததற்கு நேரில் போய் நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 20
ஊசி முடிந்து, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் மாத்திரை. “நாற்றமே போய்விட்டது டாக்டர், நிறுத்திவிடலாமா?” என்றார். கூடாது என்றேன். இழைகள் பின்னிக் கட்டியாகிக் கிடக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து உள்ளே போய்ச் சேர நாளாகும். பாதியில் விட்டால் நோய் திரும்பும். ஆறு மாதமாவது எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பல் இருந்த இடத்தில் சைனஸுக்குள் திறந்திருக்கும் சிறு துளையை அடைக்க, பல் அறுவை மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தாயிற்று.