அம்பாசடரின் டெம்பரேச்சர் மீட்டர்: முள் ஏறியதற்கான காரணங்கள்

என்னிடம் இருப்பது 1985ஆம் ஆண்டு அம்பாசடர். மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் அசல் டெம்பரேச்சர் மீட்டர் எப்போதோ செத்துப்போனதால், முந்தைய உரிமையாளர் டேஷ்போர்டுக்கு அடியில் கடையில் வாங்கிய 12 வோல்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பகலில் 95 டிகிரியை ஒட்டி நிற்கும் அந்த முள், ஹெட்லைட்டைப் போட்டதும் 110ஐத் தாண்டும். அதை நம்பி அவர் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, 82 டிகிரியில் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டு, வாட்டர் பம்ப்பையும் மாற்றியிருக்கிறார் என்பது வண்டியோடு வந்த ரசீதுகளிலிருந்து தெரிந்தது. முள் மட்டும் இறங்கவில்லை.

எனக்கு அந்த ரசீதுகளைவிட முள் ஏறிய விதமே அதிகம் சொல்லியது. சுவிட்சைப் போட்ட நொடியில் பதினைந்து டிகிரி ஏறி, அணைத்த நொடியில் பழைய இடத்துக்கே திரும்பியது. ரேடியேட்டரிலும் எஞ்சின் பிளாக்கிலும் லிட்டர் கணக்கில் இருக்கும் தண்ணீர் அப்படிச் சூடாகவும் முடியாது, ஆறவும் முடியாது. எனவே மாறுவது வெப்பம் அன்று, மின்சுற்றில் ஏதோ ஒன்று என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, எஞ்சின் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோகாமல் மல்டிமீட்டரை எடுத்தேன்.

இத்தகைய மீட்டர் வெப்பத்தை நேரடியாக அறிவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் திருகப்பட்டிருக்கும் சென்சாரின் மின்தடை, தண்ணீர் சூடேறச் சூடேறக் குறையும். அந்தத் தடையைத்தான் மீட்டர் டிகிரியாகக் காட்டுகிறது. உள்ளே இரண்டு காயில்கள் உண்டு. ஒன்று முள்ளைச் சூட்டுப் பக்கம் இழுக்கும். அதன் மின்னோட்டம் சென்சார் வழியாக எஞ்சினுக்கு இறங்குகிறது. மற்றொன்று குளிர்ப் பக்கம் இழுக்கும். அது மீட்டரின் சொந்த எர்த் முனையில் முடிகிறது. இவற்றின் இழுபறி எங்கே சமநிலைக்கு வருகிறதோ அங்கே முள் நிற்கும். ஆகவே மீட்டரின் எர்த் பலவீனமானால் குளிர்ப் பக்கக் காயில் தளர்ந்து, சூடே இல்லாமல் முள் சூட்டுப் பக்கம் சாயும்.

மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்தபோது, விளக்குகள் அணைந்திருக்கையில் ஏறக்குறைய சுழியமாக இருந்த அளவு, விளக்கைப் போட்டதும் 0.8 வோல்ட் ஆனது. அங்கே ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். வயரைப் பின்தொடர்ந்து போனால், டேஷ்போர்டு விளக்குகளின் எர்த்தும் மீட்டரின் எர்த்தும் ஒரே லக்கில் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) முறுக்கப்பட்டு, பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஒரு தகர ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருந்தன. ஸ்க்ரூவின் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துரு வளையம். லக்கைப் புரட்டினால், அது தொட்டுக்கொண்டிருந்த இடம் மிளகளவு கூட இல்லை. விளக்குகளின் மின்னோட்டமும் அந்தப் புள்ளி வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, மீட்டருக்கு மட்டும் தனி வயர் இழுத்து, நல்ல போல்ட் ஒன்றில் கட்டியதும் ஹெட்லைட்டுக்கும் முள்ளுக்கும் இருந்த உறவு அறுந்தது.

சப்ளையையும் பார்த்தேன். பிரிட்டிஷ் வழிவந்த பழைய கார்களில் அசல் மீட்டர்களுக்கு 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து மின்சாரம் போவதுண்டு. புதிய 12 வோல்ட் மீட்டரை அதில் கோத்தால் கோளாறுதான். மீட்டரைப் பொருத்திய எலக்ட்ரீஷியன் இதில் சரியாகவே செய்திருந்தார்: இக்னிஷனில் உயிர்பெறும் பியூஸிலிருந்து நேரடி இணைப்பு.

ஆனாலும் பகல் ஓட்டத்தில் முள் 95லேயே நின்றது. 82இல் தெர்மோஸ்டாட் திறக்கும் வண்டிக்கு, சமதளச் சாலையில் இது அதிகம். இப்போது மீட்டர் பொய் சொல்கிறதா, சென்சாரா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. பரவலாகப் புழங்கும் 120 டிகிரி வகை மீட்டர்களுக்கான சென்சார், 40 டிகிரியில் 290 ஓம் அளவிலும், 90இல் 51 ஓம் அளவிலும், 120இல் 22 ஓம் அளவிலும் தடை காட்டும். 51, 22 இரண்டுமே எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டர்கள். சென்சார் வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே 51 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தேன். முள் 90இல் நின்றது. 22 ஓமுக்கு 120. இவ்வளவு மலிவான சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை.

மீட்டர் தப்பியது, மீதி சென்சார். அதைக் கழற்றி, சமையலறைத் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் தொங்கவிட்டு அளந்தபோது, 90 டிகிரியில் 38 ஓம் காட்டியது. மீட்டரின் கணக்கில் அது 100 டிகிரி. கொதிநீரை 100 டிகிரி என்று கொள்ளும் வழக்கம் இங்கே உதவாது. உதகையின் 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் தெர்மாமீட்டர் அவசியம்.

விஷயம் பிறகுதான் விளங்கியது. புதிய மீட்டரோடு வந்த சென்சாரின் மரை, ஹெட்டிலிருக்கும் 5/8 அங்குலத் துளைக்குப் பொருந்தாததால், மீட்டரைக் காரின் பழைய சென்சாரிலேயே இணைத்துவிட்டார்கள். கையுறைப் பெட்டியில், பிரிக்கப்படாத பாலிதீன் உறையில் அந்தப் புதிய சென்சார் அப்படியே கிடந்தது. லேத் பட்டறையில், துளைக்கும் சென்சாருக்கும் இடையே பொருந்தும்படி பித்தளையில் ஒரு புஷ் கடைந்து வாங்கி அதைப் பொருத்தினேன். புஷ் மிக நீளமாகிவிட்டால் சென்சாரின் முனை ஓடும் தண்ணீரைத் தொடாது என்பதைக் கடைசல்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த ஒற்றை வயர் சென்சாருக்கு மரையே எர்த் என்பதால் டெஃப்லான் டேப்பைச் சுற்றவில்லை. செம்பு வாஷர் போதுமானதாக இருந்தது.

இப்போது மேட்டுப்பாளையம் சாலையில் முள் 84இலிருந்து 86க்குள் நிற்கிறது. பர்லியாறு ஏற்றத்தில், இரண்டாம் கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் 95 வரை போகிறது. ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாங்கும் வரை உள்ளே தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 110 டிகிரி வேண்டும் என்பதால், அந்த 95ஐப் பார்த்து நான் வண்டியை ஓரங்கட்டுவதில்லை.