புகை கேட்டேன், டார்ச்லைட் வந்தது

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் கொசு அதிகம். "ஒரு தடவை புகை அடித்துவிட்டுப் போங்களேன்" என்று சுகாதார அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்திருப்பேன். கேட்டவுடன் அடிக்க மாட்டார்களாம். டிங்கிக் காய்ச்சல் (டெங்கு) நோயாளி ஒருவர் பதிவானால்தான் அந்த வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்கு அடிப்பார்களாம். சரி என்று விட்டுவிட்டேன். அந்த நோயாளி என் மகனாகவே இருப்பான் என்று நினைக்கவில்லை.

காய்ச்சல் விடாததால் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டிங்கிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் என்எஸ்1 சோதனையில் டிங்கி என்று வந்தது. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலையிலேயே போன் வந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை. அப்புறம் எல்லாமே இடத்தைப் பற்றித்தான். இரண்டு வாரமாக எங்கெங்கே போனான், டியூஷன் எங்கே, பந்து விளையாடுவது எந்தத் திடலில்?

சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். புகை இயந்திரம் இல்லை. ஒரு டார்ச்லைட், ஒரு சொட்டுக்குழாய், சின்னப் புட்டி. பூச்சாடித் தட்டு, மழைநீர்க் காடி, குளியலறை வாளி எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. என் மனைவி முகத்தில் அப்படியொரு பெருமை.

"அக்கா, பிரிட்ஜைக் கொஞ்சம் இழுக்கலாமா?" என்றார் அந்தத் தம்பி.

பின்னால், அடியில், தண்ணீர் வடிகிற தட்டு. பத்து வருடமாக இந்த பிரிட்ஜ் இருக்கிறது, அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சம் பட்டதும் நூல் துண்டுகள் போல ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்து அடிக்கு ஓடின. தம்பி உறிஞ்சிப் புட்டியில் விட்டார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு 500 வெள்ளி கம்பவுண்ட், அதாவது அபராதம். பின்சந்துச் சாக்கடை அடைத்துக் கிடப்பதற்கு யார் யாருக்குக் கம்பவுண்ட் எழுதுவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

புகை அடுத்த நாள் அந்தி நேரத்தில் வந்தது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் பறக்கிற நேரங்களில் அதுவும் ஒன்றாம். சாப்பாட்டை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு அக்கா கிளிக்கூண்டோடு நின்றார். அரை மணி நேரம் எண்ணெய் நாற்றம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது என்று தம்பி சொல்லியிருந்தார். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால்தான் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை அடிப்பார்கள்.

"அப்பாடா, இனி கொசுத் தொல்லை இல்லை" என்றார் அக்கா.

பிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுது புதுசு தம்பி" என்றார்.